தாய்மொழி செய்த பிழையா?

ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி 'என் குடும்பம்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று தொடங்குகிறாள். 'டு மீ டூ சிஸ்டர் தேர்' என்று தொடர்கிறாள். 'அவர் ஹவுஸ் ஃபோர் கௌ தேர்' என்று எழுதுகிறாள். மூன்று வரிகளும் ஆசிரியரின் சிவப்பு மையில் மூழ்கிவிடுகின்றன. 'தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதாதே' என்று பள்ளியில் கண்டிக்கிறார்கள். 'தமிழ் வழியில் சேர்த்தது தப்பாகிவிட்டது' என்று வீட்டில் வருந்துகிறார்கள். இரண்டு இடங்களிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒன்றுதான்: அவளுடைய தாய்மொழி.

இந்தத் தீர்ப்பு சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியியல் என் துறையன்று. நான் பொருளாதாரம் கற்பித்தவன். ஆனால், விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்களைப் பல்லாண்டுகள் படித்தவன். தேவை விதியைப் பிழையின்றிப் புரிந்துகொண்ட மாணவன் அதை 'பிரைஸ் டிக்ரீஸ் மீன்ஸ் டிமாண்ட் இன்க்ரீஸ்' என்று எழுதுவான். 'விலை குறைந்தது என்றால்' என்பதில் உள்ள 'என்றால்' என்னும் சொல்தான் அங்கே 'மீன்ஸ்' ஆகியிருக்கிறது என்பது தமிழ் அறிந்தவர்க்கு உடனே விளங்கும். அவனிடம் பொருளாதாரம் இருந்தது, ஆங்கிலம் இடறியது. மதிப்பெண் போனதென்னவோ பொருளாதாரத்தில்தான்.

இது தனி மனிதரின் வருத்தத்தோடு முடியும் விஷயமன்று. 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன் எடுக்கப்பட்ட 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 100 பேரில் ஏறத்தாழ 85 பேர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். எழுத்தறிவு பெற்றோர் சுமார் 72 விழுக்காடு. மாநிலச் சராசரி 80 விழுக்காடு. இத்தகைய மாவட்டத்தில் ஒரு குழந்தையின் ஆங்கிலப் பிழையைத் திருத்தித்தர வீட்டில் ஆள் இருப்பது அரிது. பள்ளி என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. அந்தப் பள்ளி நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாகத்தான் இருக்கும்.

முதலில் தமிழின் தாக்கம் என்பது என்ன என்று பார்ப்போம். அந்தச் சிறுமி எழுதிய முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். 'என் தந்தை விவசாயி' என்பது தமிழில் குறையற்ற தொடர். அதில் வினைச்சொல் இல்லை, தேவையும் இல்லை. ஆங்கிலத்திலோ 'இஸ்' என்ற இணைப்பு வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. பெயருக்கு முன் 'எ' என்ற சுட்டும் வேண்டும். தமிழில் 'ஒரு', 'அந்த' என்ற சொற்கள் உண்டெனினும், ஆங்கிலத்தின் 'எ', 'தி' போல ஒவ்வொரு பெயருக்கு முன்னும் அவை கட்டாயமாக வருவதில்லை. இந்தியிலும் ரஷிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும்கூட இத்தகைய சுட்டுகள் இல்லை. அம்மொழிகளைப் பேசுவோரும் ஆங்கிலம் எழுதும்போது இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

இரண்டாவது வரி இன்னும் சுவையானது. 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்கிறோம். உடைமையைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்ற வினை உண்டு. தமிழில் அதற்கு நேரான வினை இல்லை. நாம் நான்காம் வேற்றுமையைக் கொண்டு அப்பொருளை உணர்த்துகிறோம். எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு வேண்டும் என்று தமிழின் பெரும்பகுதி 'எனக்கு' என்ற வாசல் வழியாகவே நடக்கிறது. குழந்தை அந்த வாசலை 'டு மீ' என்று ஆங்கிலத்துக்குள்ளும் திறந்துவிடுகிறது. விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் ஒரு குழந்தை ஆங்கிலம் கற்றால், 'எனக்கு 12 வயது' என்பதை 'ஐ ஹேவ் 12 இயர்ஸ்' என்று எழுதக்கூடும். பிரெஞ்சு மொழியில் வயது என்பது உடைமை. அதனால் அங்கே 'ஹேவ்' வந்துவிடுகிறது. ஒரே கருத்தை இரு குழந்தைகள் இரு விதமாகப் பிழைபட எழுதுகின்றன. இரண்டு பிழைகளுக்கும் பின்னால் இரண்டு இலக்கணங்கள் இருக்கின்றன.

மூன்றாவது வரியில் உள்ள 'ஃபோர் கௌ' என்பதைப் பாருங்கள். 'நான்கு மாடு' என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். எண் முன்னால் வந்துவிட்டால் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் அஃறிணைப் பெயர்களைப் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று நம் இலக்கணம் தனியே பெயரிட்டே வைத்திருக்கிறது. 'எஸ்' என்ற எழுத்தை அச்சிறுமி விட்டுவிட்டதற்குச் சோம்பல் காரணமன்று. நான்கு என்று சொன்ன பிறகும் பன்மை என்று இன்னொரு முறை ஏன் சொல்ல வேண்டும் என்று அவளுடைய தமிழ் கேட்கிறது.

எழுத்துக்கூட்டலிலும் இதே கதைதான். தமிழில் சொல்லின் முதலில் தனி மெய் வராது. இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதும் இல்லை. அதனால்தான் சில குழந்தைகள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று உச்சரித்து, எழுதும்போதும் முன்னால் ஓர் 'ஐ' சேர்த்துவிடுகின்றன. வடமொழி 'ராம'னை 'இராமன்' ஆக்கிய அதே மரபுதான் இது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது; ஓர் உகரம் வந்து தாங்கும். 'புக்' என்பது 'புக்கு' ஆவதும், 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆவதும் இந்தத் தாங்கலின் நீட்சியே. மேலும், க, ட, த, ப ஆகிய எழுத்துகளுக்குத் தமிழில் இடத்துக்கேற்ப ஒலி மாறும். தனித்தனி எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் முதுகைக் குறிக்கும் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் 'பேக்' என்றே அமையும். குண்டூசியும் குப்பைத்தொட்டியும் 'பின்' என்றே அமையும். இவ்வரிகளில் நானே அவற்றை வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை என்றால், எட்டு வயதுக் குழந்தை 'பி' எழுத வேண்டிய இடத்தில் இன்னொரு 'பி' எழுதுவதில் வியப்பென்ன?

எதிர்மறை வினாவுக்கு விடை சொல்வதிலும் ஒரு வேறுபாடு உண்டு. 'நேற்று நீ வரவில்லையா?' என்று கேட்டால், 'ஆமாம், வரவில்லை' என்பது தமிழ் மரபு. கேட்டவர் கூற்றை நாம் ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் 'நோ, ஐ டிட் நாட்' என்றே சொல்ல வேண்டும். 'யெஸ், ஐ டிட் நாட் கம்' என்று எழுதும் குழந்தை பொய் சொல்லவில்லை, குழம்பவும் இல்லை. அது தமிழின் தருக்கத்தைப் பின்பற்றுகிறது. 'அவனைவிட நான் உயரம்' என்னும் தொடரில் 'விட' என்ற சொல்லே ஒப்பீட்டை முடித்துவிடுகிறது. 'உயரம்' என்ற சொல் மாறுவதில்லை. ஆகவே 'ஐ ஆம் டால் தேன் ஹிம்' என்று எழுதும் பிள்ளைக்கு 'டாலர்' என்று மாற்றத் தோன்றுவதில்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, 'ஆகவே எல்லாப் பிழைக்கும் தமிழே காரணம்' என்ற முடிவுக்கு வருவது எளிது. 1950-களில் மொழியியலாளர்கள் பலரும் ஏறத்தாழ அந்த முடிவில்தான் இருந்தனர். அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ 1957-இல் வெளியிட்ட நூலில், இரு மொழிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் மாணவர் எங்கே இடறுவார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற கருத்தை முன்வைத்தார். ஒத்த இடங்கள் எளிமை. ஒவ்வாத இடங்கள் கடினம். பார்வைக்கு நேர்த்தியான கோட்பாடு இது. ஆனால், வகுப்பறை இதற்கு முழுமையாகக் கட்டுப்படவில்லை.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 'ஹி கோஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஹி கோ' என்று எழுதுவது நம் மாணவர்களிடம் மிகப் பரவலான பிழை. இதற்குத் தமிழ் காரணமாக இருக்க முடியுமா? போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறார்கள் என்று எழுவாய்க்கேற்ப வினை மாறும் மொழி தமிழ். இவ்வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் பல மடங்கு கண்டிப்பானது. தாய்மொழியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், எழுவாய்க்கேற்ப வினையை மாற்றுவது தமிழ்க் குழந்தைக்கு மிக எளிதாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சை நெடுங்காலம் பதிவு செய்து ஆராய்ந்து 1973-இல் நூலாக வெளியிட்டார். அக்குழந்தைகளுக்கு 'இங்' விகுதி மிக முன்னதாக வந்தது. வினையின் இறுதியில் வரும் 'எஸ்' மிகப் பிந்தியே வந்தது. ஆங்கிலேயக் குழந்தையும் தன் மழலையில் 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோட்' என்று, வினையோடு 'ஈடி' சேர்த்துச் சொல்கிறது. விதியைக் கண்டுபிடித்து அதை எல்லா இடத்திலும் நீட்டிப் பார்க்கும் அறிவின் அடையாளம் அது. திண்டிவனத்துக் குழந்தை 'கம்' என்பதோடு 'ஈடி' சேர்த்து எழுதும்போதும் அதையே செய்கிறது. இதில் தமிழுக்குப் பங்கு ஏதுமில்லை.

ஹைடி டூலே, மரினா பர்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1970-களில் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஆராய்ந்தபோது, தாய்மொழியால் நேர்ந்தவை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க பிழைகள் மிகச் சிறு பகுதியே என்று கண்டனர். இந்த அளவு கற்பவரின் வயது, மொழி, அவருக்குத் தரப்படும் பணி ஆகியவற்றைப் பொறுத்து மாறும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பேச்சைவிட மொழிபெயர்ப்பில் தாய்மொழியின் சாயல் கூடுதலாகத் தெரியும். தொடக்க நிலையில் ஒலியிலும் சொல்வரிசையிலும் அது கூடுதலாகத் தெரியும். ஆகவே, தாய்மொழியின் தாக்கம் உண்மை. ஆனால் அது முழு உண்மையன்று.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. நாம் அதைப் பேசத் தயங்குகிறோம். குழந்தை கேட்கும் ஆங்கிலம் எது? வகுப்பறையில் ஆசிரியர் சொல்வதும், கரும்பலகையில் எழுதுவதும், வழிகாட்டி நூலில் அச்சிட்டிருப்பதும்தான். 'ஐ ஆம் நோயிங்', 'டிஸ்கஸ் அபௌட்' போன்ற வழக்குகள் இந்தியா முழுவதும் புழங்குபவை. இந்தி பேசும் மாணவரும் அவற்றை எழுதுகிறார். அவை அந்தக் குழந்தையின் வாயில் பிறந்தவையல்ல, கேட்டுக் கற்றவை. கட்டுரைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் தேர்வு முறையில், சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்துப் பழகும் வாய்ப்பே ஆண்டுக்குச் சில முறைதான் கிடைக்கிறது. பயிற்சியின்மையால் வந்த பிழையைத் தாய்மொழியின் தலையில் ஏற்றுவது எளிது, பொறுப்பு கைமாறிவிடுகிறது.

பிழையைக் குற்றமாகக் காணாமல் சான்றாகக் காண வேண்டும் என்று சொன்னவர் பிட் கார்டர் என்ற பிரிட்டானிய மொழியியலாளர். 1967-இல் வெளியான அவருடைய கட்டுரை இத்துறையின் போக்கையே மாற்றியது. அயர்வால் நேரும் கைத்தவறு வேறு. கற்பவரின் மனத்தில் உருவாகியிருக்கும் ஒழுங்கிலிருந்து வரும் பிழை வேறு என்று அவர் பிரித்தார். முதலாவது தானே சரியாகிவிடும். இரண்டாவது, அம்மாணவர் எவ்வளவு கற்றிருக்கிறார், எந்த விதியை இப்போது சோதித்துப் பார்க்கிறார் என்பதை ஆசிரியருக்குக் காட்டும். 1972-இல் லாரி செலிங்கர், கற்பவரின் மொழிக்கு 'இடைமொழி' என்று பொருள்படும் ஒரு பெயரைத் தந்தார். அது தாய்மொழியும் அன்று, இலக்கு மொழியும் அன்று; தனக்கென ஓர் இலக்கணம் கொண்டு, நாள்தோறும் மாறிக்கொண்டிருப்பது.

இந்தப் பார்வையோடு நம் மாவட்டத்தைப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். நம் குழந்தைகளுக்குப் பாடநூல் தமிழே ஒருவகையில் இரண்டாம் மொழிதான். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வெகுதொலைவு விலகி நிற்பவை. வீட்டில் 'வந்துகினு இருக்காங்க' என்று பேசும் குழந்தை, பள்ளியில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதக் கற்கிறது. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் ந, ன, ண குழப்பமும் இந்த இடைவெளியில் பிறப்பவையே. பேச்சு வழக்கு பாடநூல் தமிழிலிருந்து இன்னும் விலகியிருக்கும் இருளர் குழந்தைகளுக்கும், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வீட்டுக் குழந்தைகளுக்கும், உருதும் தெலுங்கும் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கும் இந்தப் படி இன்னும் உயரம். அவர்களுக்கு ஆங்கிலம் உண்மையில் மூன்றாம் மொழி. அதைக் கணக்கில் கொள்ளாமல் எல்லாருடைய ஏட்டையும் ஒரே சிவப்பு மையால் திருத்துவது நீதியாகாது.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் வளருமா? பொருளாதார மாணவன் என்ற முறையில் அக்கேள்வியின் நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆங்கிலத்துக்குச் சந்தையில் விலை உண்டு. 2005-ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வுத் தரவுகளைக் கொண்டு மெஹ்தாபுல் அஸாம், எய்மி சின், நிஷித் பிரகாஷ் ஆகியோர் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், சரளமாக ஆங்கிலம் பேசும் ஆண்களின் மணிநேர ஊதியம், ஆங்கிலம் அறியாதவரின் ஊதியத்தைவிடச் சராசரியாக 34 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓரளவு பேசுவோருக்கு அது 13 விழுக்காடு. இதை அறியாமலே நம் ஊர்ப் பெற்றோர் உணர்ந்திருக்கிறார்கள். கரும்பு விற்ற பணத்திலும் கறவை மாடு தந்த வருமானத்திலும் கட்டணம் கட்டுவது வீண் ஆசையால் அன்று.

ஆனால், ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் பலன் வேறு. ஆங்கில வழிக்குக் கிடைக்கும் பலன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதுதான் இன்றைய பெரும் குழப்பம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டீபன் டெய்லர், மரிசா வான் ஃபின்டெல் ஆகியோர் நாடு தழுவிய பள்ளித் தரவுகளைக் கொண்டு செய்து 2016-இல் வெளியான ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. முதல் மூன்று வகுப்புகளில் தாய்மொழியில் கற்ற குழந்தைகள், தொடக்கம் முதலே ஆங்கில வழியில் கற்ற குழந்தைகளைவிட, 4 முதல் 6 வரையிலான வகுப்புகளில் ஆங்கிலத்திலேயே மேம்பட்டிருந்தனர். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் காரணம் எளியது. வாசித்தல், பொருள் கொள்ளுதல், காரணம் காட்டுதல், கோவைப்படுத்தி எழுதுதல் ஆகிய திறன்கள் ஒரு மொழியில் ஒருமுறை வேரூன்றினால் அடுத்த மொழிக்கும் அவை கைகொடுக்கும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வலியுறுத்திவரும் கருத்து இது. தாய்மொழியிலிருந்து பிழைகள் மட்டும் இரண்டாம் மொழிக்குக் கடந்து வருவதில்லை. அறிவும் கடந்து வருகிறது.

தாக்கம் ஒருவழிப் பாதையும் அன்று. ஆங்கில வழியிலேயே படித்த குழந்தைகளின் தமிழ் ஏட்டைப் புரட்டினால் 'அவன் என்னை உதவினான்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஆங்கில வினை செயப்படுபொருளை நேரே ஏற்கும். தமிழில் 'எனக்கு உதவினான்' என்பதே மரபு. எந்த மொழி வலுவாக இருக்கிறதோ அது மற்றதில் தன் நிழலைப் பதிக்கிறது. இது தமிழின் குறையன்று. இருமொழி மனத்தின் இயல்பு. 1968 சனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தின் வாயிலாக இருமொழிக் கொள்கையை ஏற்ற மாநிலம் நம்முடையது. இரண்டு மொழிகளையும் செம்மையாகக் கற்பிக்கும் கடமையும் அதில் அடங்கியிருக்கிறது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாயின. பயிற்றுமொழியை மாற்றியதால் மட்டும் குழந்தையின் வீட்டுமொழி மாறிவிடவில்லை. ஆசிரியரின் பயிற்சியும் மாறிவிடவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், பிழைகளை வகைப்படுத்த வேண்டும். ஒரு மாத காலம் வகுப்பின் ஆங்கில ஏடுகளிலுள்ள பிழைகளை மூன்று பத்திகளில் குறித்தால் போதும்: தமிழிலிருந்து வந்தவை, ஆங்கிலத்தின் ஒழுங்கின்மையால் வந்தவை, கேட்டுப் பழகியவை. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. முதல் வகைக்கு ஒப்பீடு உதவும். 'என் தந்தை விவசாயி' என்பதைக் கரும்பலகையின் ஒரு பாதியிலும் அதன் ஆங்கில வடிவத்தை மறுபாதியில் எழுதி, 'இங்கே கூடுதலாக என்ன வந்திருக்கிறது?' என்று கேட்டால், குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாம் வகைக்குக் காலமும் வாசிப்பும்தான் மருந்து. அடிப்பதாலோ நூறு முறை எழுதச் சொல்வதாலோ அது விரைவுபடாது. மூன்றாம் வகைக்கு மருந்து மாணவருக்கன்று, ஆசிரியர் பயிற்சிக்கு.

இரண்டாவதாக, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒன்றாக அமர வேண்டும். நம் பள்ளிகளில் இவ்விருவரும் ஒரே அறையில் தேநீர் அருந்துகிறார்கள். ஒரே குழந்தையின் இரு ஏடுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை. நான்காம் வேற்றுமையையும் பால்பகா அஃறிணைப் பெயரையும் நன்கறிந்த தமிழாசிரியர்தான் 'டு மீ' எங்கிருந்து வந்தது என்பதை ஆங்கில ஆசிரியருக்கு விளக்க வல்லவர். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் தமிழுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இவை கைகோத்தால், இம்மாவட்டக் குழந்தைகளின் பிழைகளைக் கொண்டே ஓர் ஆசிரியர் கையேடு உருவாக்க முடியும். இறக்குமதி செய்த இலக்கணப் பயிற்சி நூல்களைவிட அது நூறு மடங்கு பயன்படும்.

மூன்றாவதாக, ஒரே நேரத்தில் எல்லாப் பிழைகளையும் திருத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒரு கட்டுரையில் பன்மையை மட்டும் பாருங்கள். அடுத்ததில் இணைப்பு வினையை மட்டும் பாருங்கள். கருத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் மொழிக்கு ஒரு மதிப்பெண்ணும் தனித்தனியே இடுங்கள். முப்பது சிவப்புக் கோடுகளைக் காணும் குழந்தை அடுத்த முறை மூன்றே வரி எழுதும். எழுதாமல் இருப்பதே பிழையின்றி இருக்கும் வழி என்று கற்றுக்கொள்ளும்.

நான்காவதாக, மொழியைப் பயன்படுத்த ஒரு காரணம் தர வேண்டும். இதற்கு நம் அருகிலேயே முன்னோடி உண்டு. என்.எஸ். பிரபு என்ற மொழிக்கல்வி அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் ஒரு முயற்சியை நடத்தினார். இலக்கண விதிகளை ஒப்பிக்கச் செய்யாமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, குழந்தைகள் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பணிகளை ஆங்கிலத்தில் அமைத்தார். பிழைகளை உரையாடலின் போக்கிலேயே திருத்தினர். பாடமாக நிறுத்தி இடித்துரைக்கவில்லை. சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து திசைகளுக்கும் பாதை பிரியும் சந்திப்பு விழுப்புரம். அந்த நிலையத்தின் கால அட்டவணையைவிடச் சிறந்த ஆங்கிலப் பாடம் விழுப்புரத்துக் குழந்தைக்கு வேறெது?

இவற்றையெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று. திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த தாய்த்தமிழ்ப் பள்ளி, எளிய வீட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் வழியில் கல்வி தருவது சாத்தியம் என்று காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் கற்றலை இழந்த குழந்தைகளுக்கான 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்டது மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். மாலை நேரத்தில் குழந்தைகளோடு அமர்ந்த தன்னார்வலர்களில் பலர் அதே ஊரின் பேச்சைப் பேசியவர்கள். குழந்தையின் மொழி அறிந்தவர் அருகில் அமர்ந்தால் என்ன நிகழும் என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த அனுபவம் திட்டக் கோப்புகளோடு உறங்கிவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை வீட்டில் ஆங்கிலம் பேசவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த தமிழில் அதனோடு நிறையப் பேசுங்கள். அன்றைய நாளை விவரிக்கச் சொல்லுங்கள். ஏன், எப்படி என்று கேளுங்கள். ஒரு கதைப் புத்தகத்தையோ நாளிதழையோ வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தமிழில் பத்து வாக்கியங்களைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்லவும் ஏதோ ஒன்று இருக்கும். சொல்ல ஏதுமில்லாத பிள்ளைக்கு எந்த மொழியும் உதவாது.

'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதும் பிள்ளைக்குத் தன் தந்தை யார் என்று தெரியும். அதைச் சொல்ல விரும்புகிறாள். தனக்குக் கைவந்த இலக்கணத்தைக் கொண்டு, கைவராத மொழியில் சொல்லவும் துணிகிறாள். இன்னும் ஒரு சிறு சொல்லும் ஒரு சுட்டும் அவளுக்குத் தேவை. அவற்றைத் தருவது ஆசிரியரின் வேலை. அந்த ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் தருவது அரசின் வேலை. தமிழைக் கழித்துவிட்டு ஆங்கிலத்தைக் கூட்டலாம் என்ற கணக்கை இனியேனும் நாம் கைவிட வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).